வெள்ளத்தில் கணக்குக் கொப்பி, பில் எல்லாம் நனைந்துவிட்டன. நவம்பர் 30க்குள் வருமான வரி விபரத்திரட்டு கொடுக்க வழியில்லை. கால அவகாசம் கேட்பது எப்படி? (காத்தான்குடி, பலசரக்குக் கடை)

கேட்கலாம். ஆனால் கடைசித் திகதி தாண்டுவதற்கு முன் எழுத்தில் கேளுங்கள். இறைவரித் திணைக்களத்தின் 1944 இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லிவிட்டேன் என்று இருந்துவிட வேண்டாம். தொலைபேசியில் சொன்னதற்குப் பிறகு எந்தச் சான்றும் இராது.

நம் கிழக்குப் பக்கத்தில் இது அடிக்கடி வரும் சிக்கல். மூன்று வரித் திகதிகள் மாரியின் நடுவிலேயே விழுகின்றன: நவம்பர் 15 வருமான வரித் தவணை, 20 வற் (பெறுமதி சேர் வரி) கொடுப்பனவு, 30 விபரத்திரட்டு. 2025இல் டித்வா புயல் வந்ததும் நவம்பர் கடைசியில்தான். கிட்டங்கிப் பாலத்தின் மேல் தண்ணீர் பாயும்போது நாவிதன்வெளிக்காரர் கல்முனைக்கு வரவே வழியில்லை. ஆகவே மழை பலக்கும்போதே கடிதத்தை எழுதிவையுங்கள்.

பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. விபரத்திரட்டுக்கு அவகாசம் கிடைத்தால் பணம் கட்டவும் அவகாசம் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. விபரத்திரட்டைப் பிந்திக் கொடுக்க அனுமதி கிடைத்தாலும் வரி கட்டவேண்டிய திகதி நகராது. கட்டாத தொகைக்கு மாதம் 1.5 வீதம் வட்டி ஏறும். பணத்துக்கும் அவகாசமோ தவணையோ வேண்டுமானால் இறைவரி ஆணையாளர் நாயகத்துக்குத் தனிக் கடிதம் எழுதவேண்டும். அது கிடைத்தாலும் வட்டி நின்றுவிடும் என்று எண்ணவேண்டாம். இயன்றதை இப்போதே கட்டுங்கள், மிச்சத்துக்குத்தான் வட்டி. கட்டும்போது வரி வகை, காலப்பகுதிக் குறியீடுகளைச் சரியாகப் போடுங்கள். பிழைத்தால் பணம் வேறு கணக்கில் கிடக்க, உங்களுக்கு நிலுவைக் கடிதம் வரும்.

கடிதத்தில் வரி இலக்கம், வரி வகை, மதிப்பீட்டு ஆண்டு, எந்தத் திகதிவரை அவகாசம் என்பவை இருக்கவேண்டும். "வெள்ளத்தால் பாதிக்கப்பட்டேன்" என்று மட்டும் எழுதினால் பலமில்லை. இப்படி எழுதுங்கள்: "27ஆம் திகதி இரவு கடைக்குள் மூன்றடி தண்ணீர் வந்தது. கணினியும் சென்ற ஆண்டு ஏப்ரல் முதலான கொள்வனவுப் பில்களும் நனைந்தன. மொத்த வியாபாரிகளிடம் பிரதிகள் கேட்டிருக்கிறேன். டிசம்பர் 31க்குள் விபரத்திரட்டைத் தருவேன்." காரணம், சேதம், நீங்கள் எடுத்த நடவடிக்கை, திகதி நான்கும் அதில் வந்துவிடுகின்றன.

இணைக்கவேண்டியவை: கிராம சேவகர் (ஜீ.எஸ்.) உறுதிப்படுத்திப் பிரதேச செயலகம் மேலொப்பமிட்ட கடிதம், தண்ணீர் நின்ற மட்டம் தெரியும் படங்கள், ஆவணம் தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி. வெள்ளம் வடிந்த முதல் வாரத்திலேயே ஜீ.எஸ்ஸைப் பிடியுங்கள். பிறகு நிவாரணப் பதிவில் அவர் மூழ்கிவிடுவார். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

நனைந்த பில்களை ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும்போது பிரிக்கவேண்டாம், கிழிந்துவிடும். பத்திரிகைத் தாள்களுக்கிடையே நிழலில் வைத்து, காயக் காயப் படமெடுங்கள். கடைகளில் இயந்திரம் அடித்துத் தரும் வழுவழுப்பான பில்லை வெயிலிலோ சூட்டிலோ காயவைத்தால் தாளே கறுத்து எழுத்து மறைந்துவிடும். நாசமான அரிசி, மாவை வீசுமுன் பட்டியலிட்டு, பொது சுகாதாரப் பரிசோதகரிடம் அழித்ததற்கான எழுத்து வாங்குங்கள். ஆண்டு முடிவில் சரக்கு இருப்பு ஏன் குறைந்தது என்று கேட்டால் காட்ட அதுதான் இருக்கும். காப்புறுதிப் பணம் வந்தால் அதையும் கணக்கில் காட்டவேண்டும்.

அரசு பொதுவாகத் திகதியை நீடித்தால் அறிவித்தலை முழுதாக வாசியுங்கள்: எந்த வரிக்கு, எந்தத் திகதிவரை, விபரத்திரட்டுக்கா பணத்துக்கா என்று. ஊழியர் சேமலாப நிதி இறைவரித் திணைக்களத்தின் கீழ் வராது, அதற்கு இந்தக் கடிதம் செல்லாது.

திகதி ஏற்கெனவே தாண்டிவிட்டதா? அப்படியானால் கையிலுள்ள வங்கிக் கூற்றுகளை வைத்து விபரத்திரட்டை உடனே கொடுங்கள், பிறகு திருத்தியதை அனுப்பலாம். பிந்தும் ஒவ்வொரு மாதமும் தண்டம் கூடும். கொடுத்த பின், அதே சான்றுகளோடு தண்டத்தைத் தள்ளுபடி செய்யுமாறு எழுதுங்கள்.