நொய்டா பில்டர் திவால் கேஸ்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

டெல்லி பக்கத்துல நொய்டா மாதிரி ஊர்ல வீடு வாங்கி மாட்டிக்கிட்டவங்க பக்கம் நின்னு கேஸ் நடத்துற வக்கீல் நான். திவாலான ஆம்ரபாலி பில்டர் கம்பெனி பத்தி நெறைய பேர் கேட்டதால இன்னைக்கு உக்காந்துட்டேன்.

சார், நிலம் அரசு அத்தாரிட்டியோடது, அப்புறம் எப்படி ஆம்ரபாலி விழுந்துச்சு?

அங்கதான் வினையே. நொய்டா, கிரேட்டர் நொய்டால நிலம் சொந்தமா கிடைக்காது, அத்தாரிட்டிங்கற அரசு அமைப்பு குத்தகைக்குத்தான் குடுக்கும். 10 சதவீதம் கட்டினா பில்டர் கைக்கு நிலம் வந்துடும், மீதி தவணை. அத வச்சு புக்கிங் போட்டு, ஜனங்க காசு வாங்கி, வீடு கட்டாம வேற கம்பெனிக்கு திருப்பி விட்டாங்க, அத்தாரிட்டிக்கும் கட்டல. 2017ல பேங்க் ஆஃப் பரோடா திவால் கேஸ் போட்டப்ப 42,000 குடும்பத்துக்கு மேல நடுத்தெருவுல நின்னுச்சு. சுப்ரீம் கோர்ட் வச்ச ஆடிட்டர்கள் தோண்டினா சதுர அடி 1 ரூபாய்க்கெல்லாம் ஃபிளாட் புக் ஆகியிருக்கு, 3,000 கோடிக்கு மேல காசு திசை மாறியிருக்கு. 2019 ஜூலை 23 தீர்ப்புல ஆம்ரபாலியோட ரெரா (ரியல் எஸ்டேட் சட்டம்) பதிவ ரத்து பண்ணி, கட்டுற வேலைய மத்திய அரசு கட்டுமானக் கம்பெனி என்பிசிசி கிட்ட குடுத்தாங்க. அதனால எங்க புக் பண்ணாலும் அத்தாரிட்டிக்கு நிலப் பாக்கி எவ்ளோன்னு முதல்ல கேளுங்க.

பில்டர் திவால், நான் இஎம்ஐ நிறுத்தலாமா?

கூடாது. மொராட்டோரியம், அதாவது கடன் வசூலுக்கு திவால் சட்டம் போடுற தற்காலிகத் தடை, பில்டருக்குத்தான், உங்களுக்கு இல்ல.

தோனி விளம்பரத்த நம்பித்தான் வாங்கினோம்ணே.

2016லயே அவர் விலகிட்டார்ப்பா. முகத்தப் பாக்காதீங்க, நிலப் பாக்கியப் பாருங்க.

நான் அரசு ஊழியன். அத்தாரிட்டி காசு மக்கள் காசு, நிலம் குடுத்த விவசாயிக்கு அதுலதான் இழப்பீடு போகணும். நீங்க அத்தாரிட்டிய வில்லனாக்குறீங்க.

விவசாயி விஷயத்துல உங்க கூட நிக்கிறேன் சார். ஆனா வருஷக்கணக்கா தவணை வரல, குத்தகைய ரத்து பண்ண அதிகாரம் இருந்துச்சு, ஏன் பண்ணல? கோர்ட்டே அத்தாரிட்டியையும் பேங்கையும் சேர்த்துதான் கண்டிச்சுது. பாக்கிக்காக ஜனங்க ஃபிளாட்டுல கை வைக்கக் கூடாது, ஜப்தி ஆன மத்த சொத்த வித்து எடுத்துக்கோன்னு சொல்லிடுச்சு.

அப்ப அத்தாரிட்டிக்கு நாமமா? 2024 தீர்ப்பு படிச்சீங்களா?

படிச்சேன் சார், நல்ல பாயிண்ட். 2022 மே மாசம் நொய்டா அத்தாரிட்டி வெறும் ஆப்பரேஷனல் கிரெடிட்டர்தான்னு சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு, அதாவது பேங்க் மாதிரி கடன் குடுத்தவங்க கமிட்டில ஓட்டு கிடையாது. 2024 பிப்ரவரில இன்னொரு கேஸ்ல, கிரேட்டர் நொய்டா அத்தாரிட்டிக்கு சட்டப்படி சொத்து மேல உரிமை இருக்கு, அத கணக்குல எடுக்காத கம்பெனி மீட்புத் திட்டம் செல்லாதுன்னு திருப்பி அனுப்புச்சு. சட்டத்துல உங்க பக்கம் வலு கூடியிருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டே பாக்கிய ஏற விட்டவங்களுக்கும், சம்பளத்துல மிச்சம் புடிச்சு கட்டினவனுக்கும் ஒரே தராசு வைக்க என் மனசு ஒப்பல.

எங்க பில்டர் மேல போன வாரம் என்சிஎல்டி (கம்பெனி திவால் கேஸ விசாரிக்கிற தீர்ப்பாயம்) ஆர்டர் வந்துச்சு. என்ன செய்யணும்?

இன்னைக்கே ஃபார்ம் சிஏ, அதாவது வீடு வாங்கினவங்க பாக்கிய கேக்குற படிவம், போடுங்கம்மா, ரசீது, அக்ரிமெண்ட், பேங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாம் சேர்த்து. 2018லேர்ந்து வீடு வாங்கினவங்களும் பேங்க் மாதிரி ஃபைனான்ஷியல் கிரெடிட்டர்தான், கமிட்டில ஓட்டு உண்டு. ரெரால ஆர்டர் வாங்கி வச்சிருந்தாலும் அந்த உரிமை போகாது, 2023லயே தீர்ப்பு வந்தாச்சு.

இஎம்ஐ கட்டணுமா சார்?

மேல சொல்லிட்டேன். கட்டணும்.

திரும்ப வந்த காசுக்கு வருமான வரி உண்டா?

ஆடிட்டரக் கேளுங்க.

திவால்ல இருக்குற புராஜெக்ட்ல ஒரு ஃபிளாட் கம்மி விலைக்கு வருது, வாங்கலாமா?

நிலப் பாக்கி எவ்ளோன்னு எழுத்துல வாங்கினீங்களா? இல்லேன்னா வேணாம். என் கட்சிக்காரர் ஒருத்தர் வாடகையும் இஎம்ஐயும் சேர்த்து பத்து வருஷம் கட்டினார். சாவி வந்த அன்னைக்கு லிஃப்ட் ஓடல, பதினோரு மாடி ஏறிப் போய் பூச்சு காயாத சுவத்துல உள்ளங்கைய வச்சுக்கிட்டு அப்படியே நின்னார். ரிஜிஸ்ட்ரி, அதாவது பத்திரப் பதிவு, அவருக்கு இன்னும் ஆகல.