கட்டிய சுவருக்கு ஏன் தண்ணீர்?

கேள்வி: மதுரையில் வசிக்கிறோம். மகளுக்கு ஐந்து வயது. பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள். "கட்டின சுவருக்கு ஏன் தண்ணீர் ஊற்றுகிறார்கள்? செடி மாதிரி வளருமா?" என்று துளைத்தெடுக்கிறாள். வீடும் ஊரும் உருவாகும் விதத்தை அவளுக்கு எப்படிச் சொல்லித்தருவது? படப் புத்தகம் வாங்கலாமா, பொம்மைச் செட் வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். பக்கத்து மனையை விட நல்ல பாடம் கடையில் கிடைக்காது. உலகிலேயே உயரமான கட்டடத்தின் படத்தைக் காட்டித் தொடங்குவார்கள் சிலர். ஐந்து வயதுக்கு அது வெறும் படம்.

அவள் கேட்டது, பெரியவர்களே தவறாக நினைத்துக்கொண்டிருக்கும் விஷயம். களிமண் காய்ந்து இறுகும். சிமென்ட் அப்படியில்லை, தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகும். ஈரம் சீக்கிரம் போய்விட்டால் வேலை பாதியில் நின்றுவிடும். அதனால்தான் தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குகிறார்கள், தூணில் சாக்கைச் சுற்றி நனைக்கிறார்கள். குறைந்தது 7 நாளாவது நனைக்க வேண்டும். ஆக, செடி உவமை அவ்வளவு மோசமில்லை. சுவரின் பலம் அந்த ஈரத்தில்தான் நாளுக்கு நாள் கூடுகிறது.

செய்தும் காட்டலாம். ஒரு பங்கு சிமென்டுக்கு நான்கு பங்கு மணல் சேர்த்து, நெல்லிக்காய் அளவில் இரண்டு உருண்டை பிடியுங்கள். ஒன்றை உடனே மொட்டை மாடி வெயிலில் வையுங்கள். மற்றொன்றை ஈரத்துணியில் சுற்றிவைத்து, மறுநாள் தண்ணீரில் போடுங்கள். ஒரு வாரம் கழித்து இரண்டையும் ஆணியால் கீறிப் பார்க்கட்டும். வெயிலில் கிடந்தது பொடிப்பொடியாக உதிரும். கலப்பதும் உருட்டுவதும் கையுறையோடு நீங்கள்தான். ஈரச் சிமென்ட் தோலை அரித்துவிடும்.

அடுத்தது தீப்பெட்டிச் சுவர். இருபது காலிப் பெட்டிகள் போதும். ஒன்றன் மேல் ஒன்றாக நேராக அடுக்கி, விரலால் சுண்டச் சொல்லுங்கள். ஒரு வரிசை மட்டும் தனியே சாயும். பிறகு, கீழிருக்கும் இரண்டு பெட்டிகளின் இணைப்பின் மேல் ஒரு பெட்டியின் நடுப்பகுதி வருமாறு அடுக்கட்டும். இப்போது அக்கம்பக்கத்துப் பெட்டிகளும் சேர்ந்து தாங்கும். ஓரத்தில் பாதிப் பெட்டிக்கு இடம் மிஞ்சும். அங்கேதான் கொத்தனார் கரணையால் ஒரு தட்டுத் தட்டி அரைக்கல் வைக்கிறார். பூச்சு வேலை தொடங்குவதற்குள் உங்கள் மாடியிலிருந்தே அந்த அரைக்கற்களை எண்ணச் சொல்லுங்கள். மனைக்குள் மட்டும் விடாதீர்கள்.

நூலில் ஒரு சாவியைக் கட்டினால் தூக்குக்குண்டு தயார். உங்கள் வீட்டு நிலைக்கதவு நேராக இருக்கிறதா என்று அவளே சோதிப்பாள். கோணலாக இருந்தால் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். அதற்கும் தயாராக இருங்கள்.

ஊரைப் பற்றிச் சொல்ல மதுரையை விட வசதியான ஊர் ஏது? நடுவில் கோயில், அதைச் சுற்றிச் சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அதற்கும் வெளியே மாசி வீதி. தரையில் சாக்கட்டியால் சதுரத்துக்குள் சதுரமாக வரைந்துவிடலாம். கடைசிச் சதுரம் வெளி வீதி. அங்கே முன்பு கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. சுமார் 180 ஆண்டுகளுக்கு முன், பிளாக்பர்ன் கலெக்டராக இருந்தபோது, சுவரை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை விரித்தார்கள். அந்த வேலையை நடத்தியவர்களில் ஒருவரின் பெயரில்தான் பெருமாள் மேஸ்திரி வீதி இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போது பெயர்ப்பலகையை அவளையே எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள். 'ஸ்தி' கொஞ்சம் தடுக்கும்.