மாமாவின் டிவி கேம்

அண்ணா வணக்கம்,

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கிறேன். போன மாதம் மாமா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது ட்ரங்குப் பெட்டிக்குள் ஒரு பழைய டிவி கேம் கிடைத்தது. கம்பெனி பெயர் எங்கேயும் இல்லை. வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பு மஞ்சளாகிவிட்டது. இரண்டு கேசட், ஒரு ஜாய்ஸ்டிக், ஒரு துப்பாக்கி இருக்கின்றன. அடாப்டர் இல்லை. கழற்றிப் பார்த்தேன், உள்ளே நாற்பது கால் வைத்த பெரிய ஐசி (சிப்) இரண்டு இருக்கிறது. மாமா இறந்து நான்கு வருடம் ஆகிறது. ஒரு கேசட்டின் பின்னால் சின்னத் தாள் ஒட்டி, அவரும் என் அம்மாவும் எடுத்த ஸ்கோரைப் பேனாவில் எழுதி வைத்திருக்கிறார்.

நண்பன் ஒருவன், இது டூப்ளிகேட், தூக்கிப் போட்டுவிட்டு நிண்டெண்டோ கம்பெனியின் ஒரிஜினல் ஜப்பான் ஃபேமிகாம் டிவி கேமை வாங்கு என்கிறான். தம்பியோ, எல்லாக் கேமும் போனிலேயே ஓடுது, எதுக்கு இதெல்லாம் என்கிறான். இதைப் பத்திரப்படுத்துவதில் அர்த்தம் இருக்கிறதா? எந்த அடாப்டர் வாங்குவது? துப்பாக்கி எல்இடி டிவியில் வேலை செய்யுமா? இங்கே பனிக்காலத்தில் எதை வைத்தாலும் பூசணம் பிடிக்கிறது, எப்படிக் காப்பாற்றுவது?

எஸ்., ஏற்காடு

அன்புள்ள எஸ்.,

தூக்கிப் போடாதீர்கள். அதேபோல, இதை முழுக்கப் படித்து முடிக்கும்வரை எந்த அடாப்டரையும் அதில் சொருகாதீர்கள்.

என் அலமாரியில் இன்று பதினேழு டிவி கேம் பெட்டிகள் இருக்கின்றன. உங்கள் நண்பர் சொல்லும் ஜப்பான் ஃபேமிகாமும் இருக்கிறது, சிவப்பும் வெள்ளையுமாக. சிறுவயதில் சேலம் அம்மாபேட்டையில் நானும் அக்காவும் விளையாடிய பெட்டி மட்டும் இல்லை. வீடு மாறியபோது அது எடைக்குப் போய்விட்டது. பெயர் இருந்தாலாவது தேடலாம். சாம்பல் நிறம், முன்னால் இரண்டு சிவப்புப் பட்டன், இதைத் தவிர எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. பத்து வருடமாகப் பழைய சாமான் கடைகளில் அந்தப் பட்டனைத் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்ததற்கு இதுதான் காரணம்.

டூப்ளிகேட் என்பது உண்மைதான். ஆனால் அது எப்படி வந்தது என்று தெரிந்தால் உங்கள் நண்பர் அந்தச் சொல்லை இவ்வளவு அலட்சியமாகச் சொல்லமாட்டார். மசாயுகி உயெமுரா தலைமையில் உருவான ஃபேமிகாமை நிண்டெண்டோ 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் விற்பனைக்கு விட்டது. விலை 14,800 யென். 1985இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது உள்ளே ஒரு பூட்டு ஐசியை வைத்தார்கள். நிண்டெண்டோ அனுமதிக்காத கேசட்டைப் போட்டால் அது ஓடவிடாது. ஜப்பான் பெட்டியில் அந்தப் பூட்டு இல்லை. அதனால் தைவான்காரர்கள் அந்த 60 கால் கேசட் முறையை அப்படியே எடுத்துக்கொண்டு, ஐசியையும் தாங்களே செய்து, சொந்தப் பெட்டிகளை விட்டார்கள். தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் தொங்கியவற்றில் பெரும்பாலானவை அந்த வம்சம்தான். சேலத்தில் நான் அறிந்த யார் வீட்டிலும் ஒரிஜினல் ஃபேமிகாம் இருந்ததில்லை. யாராவது கொண்டுவந்திருந்தாலும் அன்றைய நம் டிவியில் அது ஓடியிருக்காது. அதன் மின்சாரம் 100 வோல்ட். அதன் படம் என்டிஎஸ்சி (NTSC) என்ற டிவி முறை, அதுவும் ஜப்பானின் 1, 2 சேனல்களுக்காக அமைத்தது. நம்முடையதோ 230 வோல்ட், பால் (PAL) என்ற வேறு டிவி முறை. நமக்காகவே மாற்றிச் செய்தது உங்கள் மாமாவின் பெட்டிதான்.

உங்கள் தம்பி சொல்வதற்கும் பதில் இந்த மாற்றத்திலேயே இருக்கிறது. ஜப்பான் பெட்டி நொடிக்கு 60 படம் காட்டும். பால் டிவிக்காகச் செய்தவை நொடிக்கு 50தான் காட்டும். அந்தக் கேம்களில் ஆள் நகர்வது, பாட்டின் தாளம் எல்லாம் படக் கணக்கை வைத்தே ஓடுகின்றன. எனவே நாம் விளையாடிய கான்ட்ராவும் மரியோவும் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடின. ஐரோப்பாவுக்காக நிண்டெண்டோவே செய்த பெட்டியில் ஐசி ஓடும் வேகமும் குறைந்ததால் பாட்டின் சுருதியும் இறங்கிவிடும். தைவானின் யூஎம்சி கம்பெனி செய்த யூஏ6527பி ஐசியில் அப்படி இல்லை. அதன் வேகத்தைக் கிட்டத்தட்ட ஜப்பான் அளவிலேயே வைத்தார்கள். சுருதி மாறாது, தாளம் மட்டும் நிதானப்படும். இந்த வகைப் பெட்டிகள் சிலவற்றில் ஒலியின் சாயலும் கொஞ்சம் வேறு. போனில் ஓடுவது பெரும்பாலும் 60 படக் கணக்கில்தான்.

ஃபேமிகாம் வாங்கிய அன்று ராத்திரி மரியோவின் முதல் கட்டத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். பாட்டு அவசர அவசரமாக ஓடியது. ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். அது சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. என் காது அம்மாபேட்டை வேகத்தில் பழகியிருந்தது, அவ்வளவுதான். ஒரிஜினலைக் கையில் வைத்துக்கொண்டு அன்று நான் பட்ட ஏக்கம் இன்னும் போகவில்லை. உங்கள் அம்மாவும் மாமாவும் கேட்ட வேகம் அந்த ட்ரங்குப் பெட்டிக்குள் இருக்கிறது. அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள்.

நிண்டெண்டோ ஃபேமிகாம் தயாரிப்பை 2003இல் நிறுத்தியது, பழுதுபார்த்துத் தருவதை 2007இல் நிறுத்தியது. 2024 அக்டோபரில் உஜி நகரத்தில் அவர்களே ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். ஃபேமிகாமுக்கு இனி ஒரு குறையும் வராது. நம் ஊருக்கு வந்த பெயரில்லாத பெட்டிகளை எனக்குத் தெரிந்து எந்த அருங்காட்சியகமும் சேர்த்துவைக்கவில்லை. எத்தனை வகை வந்தன என்ற கணக்குக்கூட எழுதப்படாமல் அவை இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. சேகரிக்க ஆசைப்படும் யாருக்கும் நான் சொல்வது இதுதான்: காசு கொடுத்து ஜப்பானிலிருந்து வரவழைப்பதற்கு முன்னால் உங்கள் சொந்தக்காரர்களின் பரணைப் பாருங்கள்.

சரி, இனி வேலை. உள்ளே நாற்பது கால் ஐசி இரண்டு என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒன்று கணக்குப் போடுவது, இன்னொன்று படம் வரைவது. பின்னால் வந்த மலிவுப் பெட்டிகளில் இரண்டையும் ஒன்றாக்கி, போர்டின் மேலேயே ஒட்டி, தார் போல ஒரு கறுப்புப் பொட்டு வைத்து மூடிவிட்டார்கள். அது செத்தால் மாற்ற வழியில்லை. உங்களுடையது பழுதுபார்க்கக்கூடிய வகை. ஐசியின் முதுகில் உள்ள எழுத்துகளில் நான்கு இலக்க எண் ஒன்று தனியாக இருக்கிறதா பாருங்கள். 9214 என்று இருந்தால் 1992ஆம் வருடம் 14ஆவது வாரம் செய்தது என்று பொருள். பெட்டிக்குப் பெயர் இல்லாவிட்டாலும் வயது தெரிந்துவிடும்.

அடாப்டர் விஷயத்தில் நான் ஒரு பெட்டியை இழந்திருக்கிறேன். பட்டன் சரியாக அழுந்தவில்லை என்று ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தேன். அவர்கள் கையில் இருந்த 12 வோல்ட் அடாப்டரை மாட்டி ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். இன்று கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் சொருகு முனையின் நடுவில் பாசிட்டிவ், வெளியே நெகட்டிவ். ஃபேமிகாம் வம்சத்தில் பெரும்பாலும் தலைகீழ், நடுவில் நெகட்டிவ். என்னுடையது கறுப்புப் பொட்டு வகை. திரும்பி வந்தபோது அதில் உயிர் இல்லை.

ஆகவே நான் நடுவில் நெகட்டிவ் என்று சொல்வதையும் நம்பாமல் மல்டிமீட்டரை எடுங்கள். போர்டில் அலுமினியத் தகட்டோடு திருகிய மூன்று கால் சாமான் ஒன்று இருக்கும், பெரும்பாலும் 7805 என்று எழுதியிருக்கும். உள்ளே வரும் மின்சாரத்தை 5 வோல்ட்டாக இறக்கித் தருவது அதுதான். அதன் நடுக்கால் நெகட்டிவ். மீட்டரைப் பீப் சத்தத்தில் வைத்து, ஒரு முனையை நடுக்காலிலும் மறுமுனையைச் சொருகும் துளையின் உள்ளே இருக்கும் ஊசியிலும் வையுங்கள். சத்தம் வந்தால் நடுவில் நெகட்டிவ்தான். 9 வோல்ட் டிசி, ஒரு ஆம்பியர் போதும். OUTPUT என்ற இடத்தில் ஏசி என்று போட்ட அடாப்டர் வேண்டவே வேண்டாம். அதிக வோல்ட் கொடுத்தால் மிச்சத்தை எல்லாம் அந்த 7805 சூடாகத்தான் கழிக்கும். உப்பிப்போன அல்லது அடியில் ஈரம் கசிந்த கண்டென்சர் (போர்டில் நிற்கும் சின்ன உருளை) தெரிந்தால் முதலில் அதை மாற்றிவிட்டுத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும்.

கேசட்டை ஊதாதீர்கள். நாம் எல்லோரும் ஊதியவர்கள்தான். ஊதியபின் ஓடியதற்குக் காரணம் ஊதல் இல்லை, கழற்றி மறுபடி சொருகியதில் கால்கள் புதிதாகப் பொருந்தின. எச்சில் ஈரம் செம்பைப் பச்சையாக்கும், ஏற்காட்டுக் குளிரில் அந்த ஈரம் காயவும் நேரமாகும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் வாங்கி, காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு, கேசட்டின் கால்களை மேலும் கீழுமாகத் துடையுங்கள். பஞ்சு கறுக்காமல் வரும்வரை துடைக்கலாம். சானிடைசர் வேண்டாம், பலவற்றில் கிளிசரின் இருக்கும். உப்புத்தாளும் கூடாது. பதினைந்து நிமிடம் காயவிட்டுச் சொருகுங்கள், பெட்டி அணைந்திருக்கும்போது மட்டும்.

பூசணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கே கீழே சேலத்தில் எனக்கு வெயில்தான் பிரச்சினை. ஏப்ரலில் மாடி அறையில் பிளாஸ்டிக் என் கண்ணெதிரே மஞ்சளாகிறது. கொண்டை ஊசி வளைவு இருபதையும் ஏறி உங்கள் ஊருக்கு வந்தால் ஈரம். காற்றுப்புகாத மூடியுள்ள டப்பா ஒன்று வாங்கி, உள்ளே சிலிகா ஜெல் போட்டு வையுங்கள். நிறம் மாறும் மணியாகப் பார்த்து வாங்கினால் எப்போது ஈரம் நிறைந்தது என்று தெரியும், சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடலாம். அரிசியில் புதைக்காதீர்கள், அதன் மாவுத்தூள் கேசட் துளைக்குள் போகும். பனி மூட்டமாக இருக்கும் நாளில் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். இதைவிட நல்ல மருந்து, வாரம் ஒருமுறை அரைமணி நேரம் விளையாடுவது. அந்த 7805இன் சூடே உள்ளே உள்ள ஈரத்தை விரட்டும். பூட்டிவைத்த பெட்டிகள்தான் என்னிடம் அதிகம் செத்தன. இடி மின்னல் நேரத்தில் மட்டும் பிளக்கையும் டிவி வயரையும் பிடுங்கிவிடுங்கள்.

மஞ்சளை அப்படியே விட்டுவிடலாம். பழைய பிளாஸ்டிக் வெயிலிலும் சூட்டிலும் நிறம் மாறும். ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுப்பவர்கள் இருக்கிறார்கள். வெளுக்கும், ஆனால் திரும்பவும் மஞ்சளாகும், திட்டுத் திட்டாகப் போய்விட்டால் சரிசெய்ய முடியாது. எனக்கு அந்த மஞ்சள் பிடிக்கும்.

துப்பாக்கி எல்இடி டிவியில் வேலை செய்யாது. அது சுடுவதில்லை, பார்க்கிறது. வாத்து சுடும் கேமில் விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும், அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கும் ஒளி உணரி அந்தக் கணத்தில் வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும். புது டிவிகள் படத்தைத் திருத்தித் தாமதமாகத்தான் காட்டுகின்றன, அதற்குள் அந்தக் கணம் போய்விடும். பிக்சர் டியூப் டிவிதான் வேண்டும். 2006 தேர்தலுக்குப் பின் அரசு கொடுத்த 14 அங்குல இலவசக் கலர் டிவி உங்கள் மலைக் கிராமங்களில் இன்னும் யார் வீட்டிலாவது மூலையில் இருக்கும், கேட்டுப் பாருங்கள். என் வீட்டில் ஓடுவதும் அதில் ஒன்றுதான், படம் அருமையாக வருகிறது. அதன் பின்மூடியை மட்டும் நீங்கள் கழற்றாதீர்கள். அணைத்த பிறகும் டியூபில் உயர் அழுத்த மின்சாரம் தங்கியிருக்கும்.

அடாப்டர் மாட்டப் பயமாக இருந்தால் பெட்டியை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிச் சேலம் வாருங்கள், சேர்ந்தே பார்ப்போம். அதற்கு முன்பு போர்டின் இரண்டு பக்கத்தையும், ஐசி எண்கள் தெரிகிற மாதிரி, படம் எடுத்து அனுப்பினால் குறித்துவைப்பேன். அந்த ஸ்கோர்த் தாளையும் இன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள். பேனா மை ஆல்கஹால் பட்டால் கரைந்து ஓடிவிடும். அந்தக் கேசட்டைத் துடைக்கும்போது தாள் இருக்கும் பக்கத்தைப் பிளாஸ்டிக் உறையால் மூடிக்கொள்ளுங்கள், பஞ்சில் ஆல்கஹால் சொட்டாத அளவுக்கு மட்டும் இருக்கட்டும்.