அதிபரை யார் தடுக்க முடியும்? அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வுக்குப் படிப்பவருக்கு ஒரு பதில்

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறேன். குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு இன்டர்வியூவுக்குக் காத்திருக்கிறேன். சிவிக்ஸ் கேள்விகளை மனப்பாடம் செய்துவிட்டேன், ஆனால் அதிகாரப் பிரிவினை, செக் அண்ட் பேலன்ஸ், சட்டத்தின் ஆட்சி மூன்றும் ஒன்றுபோலவே தெரிகின்றன. ஒன்றுக்கான பதிலை இன்னொன்றுக்குச் சொல்லிவிடுகிறேன். புரிந்து படிக்க என்ன வழி?

பதில்: முதலில் நம் ஊர்ப் பள்ளியில் படித்த குடிமையியலைக் கொஞ்ச நாளைக்கு ஓரமாக வையுங்கள். பாதிக் குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது. இந்தியாவில் பிரதமர் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருப்பவர், பெரும்பான்மை போனால் பதவியும் போய்விடும். அமெரிக்காவில் அதிபரைத் தேர்ந்தெடுப்பது தனி, காங்கிரஸை, அதாவது அந்த ஊர் நாடாளுமன்றத்தை, தேர்ந்தெடுப்பது தனி. அதிபரால் காங்கிரஸைக் கலைக்க முடியாது, காங்கிரஸ் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து அவரை வீட்டுக்கு அனுப்பவும் முடியாது. அமைச்சராக இருப்பவர் அதே சமயத்தில் காங்கிரஸ் உறுப்பினராக இருக்கக்கூட அரசமைப்பில் இடமில்லை.

ஏன் இப்படி என்றால், 1787-இல் அரசமைப்பை எழுத பிலடெல்பியாவில் கூடியவர்களுக்கு இரண்டு பயம். பிரிட்டிஷ் ராஜாவிடம் பட்டது ஒன்று. அவரை விரட்டிவிட்டு அமைத்த முதல் மத்திய அரசு வரி போடக்கூட அதிகாரம் இல்லாமல் நோஞ்சானாக இருந்தது இன்னொன்று. 1786-இல் மாசசூசெட்ஸில் கடனில் மூழ்கிய விவசாயிகள், சுதந்திரப் போரில் சண்டை போட்ட டேனியல் ஷேஸ் போன்றவர்கள் தலைமையில், நீதிமன்றங்களையே நடக்கவிடாமல் செய்தார்கள். அதை அடக்கப் படை திரட்ட மத்திய அரசிடம் பணம் இல்லை. ஆக, வேலை செய்யும் அளவுக்குப் பலமான அரசும் வேண்டும், அந்தப் பலம் ஒரே கையில் சேர்ந்துவிடவும் கூடாது. நீங்கள் படிக்கும் ஒவ்வொரு கேள்வியையும் "இங்கே யாரை யார் தடுக்க முடியும்?" என்று கேட்டுக்கொண்டே படித்தால் முக்கால்வாசி தானாகவே விளங்கிவிடும்.

உங்களைக் குழப்பும் மூன்றையும் ஒரே வழக்கில் பார்க்கலாம். 1952, கொரியப் போர் நடக்கிறது. எஃகு ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் அறிவித்துவிட்டார்கள். எஃகு நின்றால் போர்முனைக்கு ஆயுதம் போகாது என்று அதிபர் ட்ரூமன், ஏப்ரல் 8-ஆம் தேதி, நாட்டின் பெரும்பாலான எஃகு ஆலைகளை அரசே எடுத்து நடத்தும்படி வர்த்தகத் துறை அமைச்சருக்கு உத்தரவு போட்டார். ஆலை முதலாளிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். இதில் கவனிக்க வேண்டியது, வேலைநிறுத்தத்தைத் தள்ளிப்போட காங்கிரஸ் 1947-லேயே டாஃப்ட்-ஹார்ட்லி சட்டத்தில் ஒரு வழி வைத்திருந்தது. ஆலையைக் கைப்பற்றும் அதிகாரத்தை அதில் சேர்க்கலாமா என்று யோசித்து வேண்டாமென்று விட்டிருந்தது. அந்தச் சட்டத்தை ட்ரூமன் வீட்டோ செய்து, அதாவது ஒப்புதல் தராமல் திருப்பி அனுப்பி, காங்கிரஸ் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோடு அதை மீறி நிறைவேற்றிய கதையும் உண்டு.

உச்ச நீதிமன்றம் ஜூன் 2-ஆம் தேதி 6-க்கு 3 என்று தீர்ப்புச் சொன்னது: அதிபரின் உத்தரவுக்கு ஒன்று அரசமைப்பில் ஆதாரம் இருக்க வேண்டும், இல்லையென்றால் காங்கிரஸ் போட்ட சட்டத்தில் இருக்க வேண்டும், இரண்டிலும் இல்லை. அந்த ஒன்பது நீதிபதிகளுமே ரூஸ்வெல்ட்டும் ட்ரூமனும் நியமித்தவர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். ட்ரூமன் உடனே ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார், வேலைநிறுத்தமும் ஏழு வாரத்துக்கு மேல் நடந்தது.

சட்டம் போடுவது காங்கிரஸ், நிறைவேற்றுவது அதிபர், அதற்குப் பொருள் சொல்வது நீதிமன்றம் என்று வேலை பிரிந்திருப்பதுதான் அதிகாரப் பிரிவினை. வீட்டோ, அதை மீறும் ஓட்டு, உத்தரவை ரத்து செய்யும் தீர்ப்பு, இவை செக் அண்ட் பேலன்ஸ். போர்க்காலத்து அதிபரே தீர்ப்புக்குக் கட்டுப்பட்டு ஆலையைத் திருப்பிக் கொடுத்தாரே, அது சட்டத்தின் ஆட்சி. எனக்குத் தெரிந்து இந்த மூன்றையும் இவ்வளவு தெளிவாகக் காட்டும் வழக்கு வேறில்லை.

அப்புறம் கூட்டாட்சி. உங்கள் பாஸ்போர்ட் மத்திய அரசு தரப்போவது, டிரைவிங் லைசன்ஸ் மாநிலம் தந்தது. அரசமைப்பு மத்திய அரசுக்கு என்று எழுதிக் கொடுக்காததும், மாநிலங்களுக்குக் கூடாது என்று தடுக்காததும் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ சேரும் என்கிறது பத்தாவது திருத்தம். அதனால்தான் பள்ளிக்கூடம், போலீஸ் எல்லாம் மாநிலத்தின் கையில். கவர்னரையும் மாநில மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள், வாஷிங்டன் அனுப்பிவைப்பதில்லை.

உரிமைகளைப் பற்றிய பகுதியைத் தயவுசெய்து வேகமாகப் புரட்டாதீர்கள். முதல் பத்துத் திருத்தங்கள் 1791-இல் வந்தன. ஆனால் அதே அரசமைப்பு அடிமை முறையை அனுமதித்தது, அதை ஒழிக்க உள்நாட்டுப் போரும் 1865-இல் 13-ஆவது திருத்தமும் தேவைப்பட்டன. பெண்களின் ஓட்டுரிமையை நாடு முழுக்க உறுதிசெய்த திருத்தம் 1920-இல்தான் வந்தது. நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பகத் சிங் திண்ட் என்பவர், வெள்ளையர் இல்லை என்பதால் குடியுரிமை பெற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1923-இல் சொல்லிவிட்டது. இந்தியர்கள் விண்ணப்பிக்கவே 1946-இல் சட்டம் மாற வேண்டியிருந்தது.

இனி தேர்வு. விண்ணப்பித்த தேதியைப் பாருங்கள். 2025 அக்டோபர் 20 அல்லது அதற்குப் பிறகு என்றால் 128 கேள்விகள் கொண்ட புதிய பட்டியல்: 20 வரை கேட்பார்கள், 12 சரியாக இருக்க வேண்டும். அதற்கு முன்பு என்றால் 100 கேள்விப் பட்டியல், 10-இல் 6 போதும். வீட்டில் பெரியவர்கள் யாராவது விண்ணப்பிக்கப்போகிறார்கள் என்றால், 50 வயதாகி 20 வருடம், அல்லது 55 வயதாகி 15 வருடம் கிரீன் கார்டோடு இங்கே இருந்தவர்களுக்கு ஆங்கிலத் தேர்வு கிடையாது, மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு சிவிக்ஸ் கேள்விகளுக்குத் தமிழிலேயே பதில் சொல்லலாம். கவர்னர், செனட்டர், சபாநாயகர் பெயர்களை மட்டும் பழைய கையேட்டிலிருந்து படிக்காதீர்கள், இன்டர்வியூவுக்கு முந்தைய வாரம் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.