டிஸ்க் மாறினால் விண்டோஸ் உரிமமும் போய்விடுமா?

கேள்வி: தலவாக்கலையில் வசிக்கிறேன். மகளின் படிப்புக்காக 2019இல் விண்டோஸ் 10 ஹோமுடன் புதிதாக வாங்கிய லெப்டொப் மிகவும் மெதுவாகிவிட்டதால், அட்டனில் ஒரு கடையில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி 512 ஜிபி எஸ்எஸ்டி (வேகமான புதிய வகை டிஸ்க்) போட்டேன். உரிமம் பழைய டிஸ்க்கோடு போய்விட்டது, புதிய கீ (உரிமத்துக்கான குறியீடு) வாங்க வேண்டும் என்கிறார் கடைக்காரர். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்வது போல விண்டோஸுடன் புதிதாக வாங்கிய லெப்டொப் என்றால், அதன் கீ பெரும்பாலும் மதர்போர்டில் உள்ள சிப்பிலேயே பதிந்திருக்கும். விண்டோஸ் 8 வெளிவந்த 2012 முதல் உற்பத்தியாளர்கள் அவ்வாறே செய்து வருகிறார்கள். நிறுவும்போது விண்டோஸ் அதைத் தானாகவே படித்துக்கொள்ளும். திரையில் கீயைக் கேட்டால், ப்ரொடக்ட் கீ இல்லை என்பதைத் தெரிவுசெய்து, ஹோம் பதிப்பையே நிறுவுங்கள். இணையத்துடன் இணைத்ததும் உரிமம் உறுதியாகிவிடும். விண்டோஸை மீண்டும் நிறுவுவோர் கீ இல்லை என்பதைத் தெரிவுசெய்யலாம், உரிமம் பின்னர் தானாகவே உறுதியாகும் என்று கீ கேட்கும் அந்தத் திரையிலேயே மைக்ரோசொஃப்ட் எழுதியிருக்கிறது. அந்த வரியைக் கவனிக்காமல் வீண் செலவு செய்வது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கடையில் மலிவாகத் தரப்படும் கீக்களைப் பற்றி எச்சரிக்க வேண்டும். அவற்றில் பல, ஒரு நிறுவனத்துக்கென வழங்கப்பட்டுப் பலருக்கும் பிரித்து விற்கப்படுபவை; இன்று வேலை செய்து சில மாதங்களில் முடக்கப்படலாம். அதைவிட மோசமானது, உரிமத்தைப் போலியாகக் காட்டும் கிராக் மென்பொருளை ஏற்றுவது. அதை ஏற்ற வைரஸ் காவலை நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்திய பின் உள்ளே என்ன வந்தது என்பது உங்களுக்குத் தெரியாது.

ஒரேயொரு விதிவிலக்கை மட்டும் நன்றாகக் கவனியுங்கள். இடையில் யாராவது இந்த லெப்டொப்பில் விண்டோஸ் ப்ரோவை (ஹோமுக்கு மேலான, தனி உரிமம் வேண்டிய பதிப்பு) ஏற்றியிருந்தால், அது பெரும்பாலும் கிராக் செய்யப்பட்டதாகவே இருக்கும். பழைய டிஸ்க்கை மீண்டும் பொருத்தி, செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் (உரிமத்தை உறுதிசெய்தல்) பக்கத்தைப் பாருங்கள். டிஜிட்டல் லைசென்ஸ் என்றிருந்தால் நல்லது. "உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், வீட்டுக் கணினிக்கு அது பொருந்தாது, அந்த ப்ரோவுக்கு உரிமம் இருந்ததே இல்லை என்று கொள்ளுங்கள். அப்போதும் பதற வேண்டாம், ஏனெனில் சிப்பில் உள்ள ஹோம் கீ அப்படியேதான் இருக்கும். ஆகவே ப்ரோவை விட்டு ஹோமை நிறுவினால் போதும். ப்ரோவை மறுபடி நிறுவினால் மட்டுமே உரிமம் இல்லை என்று வரும், கடைக்காரரும் அதைக் காட்டியே கீ விற்பார்.

நிறுவும் பென் டிரைவைக் கடையில் வாங்காமல், மைக்ரோசொஃப்ட் இணையத்தளத்திலிருந்து நீங்களே தயாரியுங்கள். குறைந்தது 8 ஜிபி வேண்டும். அதில் உள்ளவை அழிந்துவிடும். பதிவிறக்கம் பல ஜிபி என்பதால், சிக்னல் குறைந்த தோட்டப்பகுதியில் காத்திருப்பதைவிட நல்ல இணைப்புள்ள ஒருவரின் வீட்டில் செய்வது மேல். விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது; உங்கள் லெப்டொப் ஏற்குமானால் 11ஐ நிறுவுங்கள், அதே உரிமம் செல்லும். மழையில் மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் ஊர் என்பதால், பேட்டரியை நிறைத்து, சார்ஜரையும் மாட்டிய பின்பே தொடங்குங்கள்.

பழைய டிஸ்க் இன்னும் கடையில் இருந்தால், இன்றே வாங்கி வந்துவிடுங்கள். பதிலுக்கு விலை குறைப்பதாகச் சொன்னாலும் கொடுக்காதீர்கள். மகளின் குறிப்புகளும் குடும்பப் படங்களும் அடையாள அட்டைப் பிரதிகளும் அதில்தான் இருக்கின்றன, அழித்த கோப்புகளைக்கூட மீட்க முடியும்.