உயிரைக் காக்கச் சொல்லும் பொய்யும் பாவம்தானா?

வேறு வழியே இல்லாதபோது ஒரு உயிரைக் காப்பாற்றச் சொல்கிற பொய் பாவமில்லை. இது என் பதில். திருச்சபையின் பெரிய ஆசிரியர்கள் பலர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பொய்யைப் பற்றியே இரண்டு நூல்கள் எழுதிய அகஸ்டின், எந்தப் பொய்யும் ஆகாது என்றார். அக்வினாஸ் கொஞ்சம் இளகி, பிறருக்கு உதவச் சொல்லும் பொய் சிறிய பாவம் என்றார். ஆனாலும் பாவம்தான்.

இந்த விவாதம் வந்தாலே எல்லாரும் எரிகோவில் இஸ்ரவேல் வேவுகாரரை ஒளித்துவைத்துப் பொய் சொன்ன ராகாபைக் காட்டுவார்கள். எனக்கு பைபிளின் யாத்திராகமம் முதல் அதிகாரம்தான் இன்னும் வலுவான சாட்சி. ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனிடம், எபிரெயப் பெண்கள் பலமுள்ளவர்கள், நாங்கள் போவதற்குள் பிள்ளை பெற்றுவிடுகிறார்கள் என்று மருத்துவச்சிகளான சிப்பிராளும் பூவாளும் சொல்லிவிடுகிறார்கள். அதற்கு அடுத்த வசனத்திலேயே தேவன் அந்த மருத்துவச்சிகளுக்கு நன்மை செய்கிறார். தேவன் பலன் கொடுத்தது அவர்களுடைய இரக்கத்துக்கு, பொய்க்கு அல்ல என்பது அகஸ்டினின் விளக்கம். கெட்டிக்காரப் பதில்தான். ஆனால் பார்வோன் முன்னால் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த இரக்கம் அன்றோடு முடிந்திருக்குமே!

அகஸ்டினை ஈவிரக்கமில்லாதவர் என்று தள்ளிவிடவும் முடியாது. தன் சொந்த ஊரான தகாஸ்தேயில் முன்பு பிஷப்பாக இருந்த ஃபிர்முஸ் என்பவரைப் பற்றி அவர் எழுதுகிறார். தன்னிடம் அடைக்கலம் தேடி வந்தவனை ஃபிர்முஸ் ஒளித்துவைத்தார். தேடி வந்த பேரரசனின் ஆட்களிடம், பொய்யும் சொல்ல மாட்டேன், ஆளையும் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்றார். சித்திரவதை செய்தார்கள், வாய் திறக்கவில்லை. கடைசியில் பேரரசனே வியந்து அந்த ஆளுக்கு மன்னிப்பு கொடுத்தான். இங்கே அடி வாங்கியது ஃபிர்முஸின் உடம்பு. அதனால் இதற்குத் தலைவணங்குகிறேன்.

நாஜிகள் ஆண்ட ஹாலந்தில் நடந்ததைப் பாருங்கள். ஹார்லெம் ஊரில் யூதர்களை மறைத்துவைத்த டென் பூம் குடும்பத்தில், இந்த அனுபவங்களைப் பின்னாளில் நூலாக எழுதிய கோரியின் அக்கா நோலி, பொய்யே சொல்வதில்லை என்று இருந்தவர். வீட்டுக்கு வந்த போலீஸ், அங்கிருந்த பெண்ணைக் காட்டி, இவள் யூதப் பெண்ணா என்று கேட்க, நோலி ஆமாம் என்றுவிட்டார். இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தப் பெண்ணை அடுத்த சில நாட்களில் தலைமறைவு இயக்கத்தினர் மீட்டுவிட்டார்கள் என்று கோரி பின்னாளில் எழுதியிருக்கிறார். உண்மை பேசியதற்குக் கர்த்தர் கொடுத்த பலன் என்று பலர் இதைச் சாட்சியாகச் சொல்வார்கள். எனக்கு ஒப்பவில்லை. நோலியும் சிறைக்குப் போனார், சரி. ஆனால் பணயமாக வைத்தது இன்னொருத்தியின் உயிரை. அவளிடம் யார் சம்மதம் கேட்டார்கள்? அந்தக் கேள்விக்கு வாய் மூடி நின்றாலும் அது ஆமாம் என்பதற்குச் சமம். ஃபிர்முஸின் வழி அங்கே இல்லவே இல்லை.

கத்தோலிக்கர்களுக்கு ஒரு தகவல். 1992-இல் வந்த அவர்களுடைய மறைக்கல்வி நூல், உண்மையை அறிய உரிமை உள்ளவரைத் தவறான எண்ணத்துக்கு உள்ளாக்குவதே பொய் என்று சொன்னது. நாஜி போலீஸுக்கு அந்த உரிமை ஏது என்று வாதாட அதில் இடம் இருந்தது. 1997-இன் லத்தீன் பதிப்பில் ‘உரிமை உள்ளவர்’ என்ற பகுதியை எடுத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், பழைய வாசகத்தையே விட்டிருக்கலாம்.