தீபாவளி விடுமுறைக்கு அவன் எங்கே போவான்?

கேள்வி: நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியை. என் மாணவன் ஒருவன், பெற்றோர் இல்லாதவன், ஒன்பது வயதிலிருந்து குழந்தைகள் இல்லத்தில் வளர்கிறான். பிளஸ் டூ எழுதிவிட்டான். ஜூலையில் 18 முடிகிறது, அதற்குமேல் அங்கே இருக்க முடியாது என்கிறார்கள். இத்தனை வருடம் எட்டிப் பார்க்காத தாய்மாமா ஒருவர் கூட்டிப்போகிறேன் என்று வந்து நிற்கிறார். பையனுக்கோ கல்லூரியில் சேர ஆசை. நான் என்ன செய்ய முடியும்?

பதில்: அன்புள்ள டீச்சர், 18 முடிந்த மறுநாளே அவனுக்கும் அரசுக்கும் தொடர்பு அறுந்துவிடும் என்று சட்டம் சொல்லவில்லை. இளைஞர் நீதிச் சட்டம் 2015, இல்லத்தை விட்டு வெளியேறும் பிள்ளைகளுக்குப் பிற்காப்பு உதவி உண்டு என்கிறது. 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகளின்படி 21 வயது வரையிலும், தவிர்க்க முடியாத சூழலில் மேலும் இரண்டு ஆண்டுகளும் அதை நீட்டிக்கலாம். ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தங்கும் வீடு, படிப்புக்கும் தொழிற்பயிற்சிக்கும் உதவித்தொகை, ஆலோசகர் எல்லாம் அந்த விதிகளில் இருக்கின்றன. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் வரை கிடைக்க வழியுண்டு.

ஆனால் சட்டம் ‘வழங்கலாம்’ என்றுதான் சொல்கிறது, ‘வழங்க வேண்டும்’ என்று சொல்லவில்லை. கேட்க ஆள் இல்லாத பிள்ளைக்கு அது கிடைக்காமலே போய்விடுகிறது. அந்தக் கேட்கும் ஆளாக நீங்கள் இருங்கள். ஜூலை வரை காத்திருக்க வேண்டாம். இல்லக் கண்காணிப்பாளரிடம் பேசி, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகம் வழியாகக் குழந்தைகள் நலக் குழுவுக்கு இப்போதே மனு கொடுக்கச் சொல்லுங்கள். மனுவில் பையன் கையெழுத்துப் போடட்டும். குழுவின் ஆணையை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை நம்பிக்கையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மாமா விஷயத்தில் அவசரப்பட்டு விரட்டவும் வேண்டாம், ஒப்படைக்கவும் வேண்டாம். சொந்தம் என்று ஒருவர் வந்து நிற்பது அந்தப் பையனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது நமக்கு முழுதாகப் புரியாது. பையன் எங்கே படுப்பான், கல்லூரிக்கு அனுப்புவீர்களா, அல்லது கடைக்கு ஆள் தேவைப்படுகிறதா என்று மாமாவிடம் நேராகவே கேளுங்கள். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரை மாமா வீட்டுக்குப் போய் விசாரிக்கச் சொல்லலாம். முதலில் பத்து நாள் போய் இருந்து பார்க்கட்டும். 18 ஆனபின் முடிவு அவனுடையது. ஆனால் திரும்பி வர ஒரு கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் அவனால் பயமில்லாமல் முடிவெடுக்க முடியும்.

அடுத்தது காகிதங்கள். ஆதாரில் இருக்கும் முகவரி இல்லத்துடையது. செல்போன் எண் பெரும்பாலும் அங்கே வேலை பார்த்த யாரோ ஒருவருடையதாக இருக்கும். ஓடிபி அந்த எண்ணுக்குப் போகும், இவன் விண்ணப்பத்தின் முன்னால் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். 18 முடிந்தால்தான் சொந்தப் பெயரில் சிம் வாங்க முடியும். அந்த வாரமே வாங்கி ஆதாரில் சேர்த்துவிடுங்கள். மைனர் வங்கிக் கணக்கையும் அவன் பெயரிலேயே மாற்ற வேண்டும். பெற்றோரின் சாதி தெரியாவிட்டாலும் சான்றிதழுக்கு வழி உண்டு. பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, கவனிக்க வேறு ஆளில்லாமல் அரசு அல்லது அரசு அங்கீகரித்த இல்லங்களில் சேர்ந்தவர்களைத் தமிழக அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் சேர்த்திருக்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடும், 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

பணத்தைவிடக் கடினமான ஒன்று இருக்கிறது. அறுபது பேருக்கு உலை கொதிப்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு ஒருவனுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று தெரியாது. மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் சாப்பிட்டவனுக்கு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவனுடையதாகக் கிடைத்தால் திகைத்துப் போவான். முதல் மாதப் பணத்தை நான்கே நாளில் செலவழிப்பான். அதைத் திமிர் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து மறுத்துப் பேசுங்கள். அவனை இதுவரை கடைக்குத் தனியாக அனுப்பியதே இல்லை. இந்த இரண்டு மாதத்தில் உங்களோடு சந்தைக்குக் கூட்டிப் போங்கள். ரயில் டிக்கெட்டை அவனே எடுக்கட்டும். காய்ச்சல் வந்தால் எந்த மருத்துவமனை, அங்கே எந்த வரிசையில் நிற்பது என்று காட்டிக்கொடுங்கள்.

கல்லூரி விடுதிகள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மூடிவிடும். அறையில் இருப்பவர்கள் ‘ஊருக்குப் போகலையாடா?’ என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து படிப்பையே விட்டவர்களை எனக்குத் தெரியும். சேர்க்கைக் கவுன்சிலிங்குக்குப் போகும் முன்பே அந்த நாட்களில் அவன் எங்கே இருப்பான் என்று முடிவு செய்துவிடுங்கள். பழைய இல்லமா, அங்கிருந்து முன்பே வெளியேறி வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரின் அறையா, உங்கள் வீடா? உங்கள் வீடு என்றால் வீட்டில் இருப்பவர்களிடம் முதலில் பேசி, முடியும் என்றால் மட்டும் சொல்லுங்கள். ஒரு பண்டிகைக்கு அழைத்து அடுத்த பண்டிகைக்கு மறந்துபோவது அவனை மிகவும் வதைக்கும். மாதம் ஒரு போன்தான் முடியும் என்றால் அந்த ஒன்றைத் தவறாமல் செய்யுங்கள், முதல் ஞாயிறு மாலை என்று நேரம் சொல்லியே வையுங்கள்.